கோடைப் பாடல்: ஐந்து கூற்றுகளும் அவற்றின் மறுப்பும்

அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் ஆண்டுதோறும் மே மாதம் முடியும் தறுவாயில், அந்தக் கோடையின் பாடல் எதுவாக இருக்கும் என்னும் வினா இதழ்களிலும் வானொலிகளிலும் தவறாமல் எழுகிறது. தமிழ்நாட்டில் வெயில் தணியத் தொடங்கும் அந்த வேளையில்தான் அங்குக் கோடை பிறக்கிறது. அமெரிக்க வழக்கில், மே மாத இறுதித் திங்கட்கிழமையான மெமோரியல் டே தொடங்கி, செப்டம்பர் முதல் திங்கட்கிழமையான லேபர் டே வரையிலான மூன்று மாதத்துக்குச் சற்று மேற்பட்ட காலமே கோடை எனக் கொள்ளப்படுகிறது. அந்தக் குறுகிய பருவத்தில் கடற்கரை, கடைத்தெரு, கார், திருமண விருந்து என எங்கும் ஒலித்து, பின்னாளில் அந்தப் பருவத்தையே நினைவுக்குக் கொண்டுவரும் பாப் பாடலுக்குத்தான் 'கோடைப் பாடல்' என்று பெயர்.

இத்தகைய பாடலை உருவாக்குவது எது என்பது பற்றிப் பரவலாக நிலவும் கருத்தை ஐந்து கூற்றுகளாகப் பிரித்துக் கூறலாம்: அது மகிழ்ச்சியும் வேகமும் கொண்ட பாடல், வெயிலுக்கும் விடுமுறைக்கும் உரிய இயல்பைத் தன்னுள்ளே கொண்டு அந்தப் பருவத்திலேயே பிறப்பது, கேட்டவுடன் பற்றிக்கொள்ளும் மெட்டின் வலிமையால் வெல்வது, எவரும் திணிக்காமல் மக்கள் தாமாகத் தேர்ந்தெடுப்பது, ஒவ்வொரு கோடைக்கும் ஐயத்துக்கு இடமின்றி ஒன்றே ஒன்றாக இருப்பது. இந்த ஐந்தும் கேட்பதற்கு இயல்பாகத் தோன்றினாலும், கடந்த அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பட்டியல்களோடு ஒப்பிட்டால் இவற்றுள் எதுவும் முழுமையாக நிற்பதில்லை. கோடைப் பாடல் என்பது ஒரு பாடலின் பிறவிக் குணம் அன்று, பல காரணங்கள் கூடியதால் ஒரு பாடல் சென்று அமரும் இடம் என்பதே இங்கு நிறுவப்படுவது.

முதல் கூற்று மகிழ்ச்சியையும் வேகத்தையும் பற்றியது. அமெரிக்காவில் பாடல்களின் செல்வாக்கை அளக்கும் பட்டியல்களுள் தலையாயது, பில்போர்டு இதழ் 1958 ஆகஸ்டு முதல் வாரந்தோறும் வெளியிட்டுவரும் 'ஹாட் 100'. விற்பனை, வானொலி ஒலிபரப்பு, இணையவழிக் கேட்பு ஆகியவற்றைச் சேர்த்து இன்று அது கணிக்கப்படுகிறது. அதன் கோடைக்கால முதலிடங்களைப் பார்த்தால், கொண்டாட்டப் பாடல்களுக்கு இடையே துயரமும் அச்சமும் தயங்காமல் அமர்ந்திருப்பது தெரியும். 1967-இன் கோடை முடிவில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்த பாபி ஜென்ட்ரியின் 'ஓட் டு பில்லி ஜோ' ஓர் இளைஞனின் தற்கொலைச் செய்தியை ஒரு குடும்பம் உணவு மேசையில் பேசிக்கொள்ளும் கதை. 1983-இல் எட்டு வாரம் கோலோச்சிய 'தி போலீஸ்' குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' பிரிந்துபோனவளை விடாமல் கண்காணிக்கும் ஒருவனின் குரல். 1997-இல் பதினொரு வாரம் முதலிடம் பெற்ற 'ஐ'ல் பி மிஸ்ஸிங் யூ', அவ்வாண்டு மார்ச்சில் சுட்டுக்கொல்லப்பட்ட ராப் பாடகர் நட்டோரியஸ் பி.ஐ.ஜி.க்கான இரங்கற்பா. 1991-இல் பிரயன் ஆடம்ஸ் பாடியதும், 2005-இல் மரியா கேரி பாடியதும், 2025-இல் அலெக்ஸ் வாரன் பாடியதும் ஆடுவதற்கு உரியவை அல்ல. மெல்ல நகரும் காதல் பாடல்கள்.

இவை விதிவிலக்குகள் என்று ஒதுக்கவும் இயலாது. 1965 முதல் 2009 வரை அமெரிக்காவில் முதல் நாற்பது இடங்களைப் பிடித்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை ஆராய்ந்த கிளென் ஷெல்லன்பெர்க், கிறிஸ்டியன் ஃபான் ஷேவே ஆகியோர், 'மைனர்' அமைப்பில் இயற்றப்பட்டவற்றின் விகிதம் காலப்போக்கில் உயர்ந்ததையும், பாடல்களின் வேகம் சராசரியாகக் குறைந்ததையும் 2012-இல் எடுத்துக்காட்டினர். மைனர் என்பது மேலை இசையில் சோகச் சாயல் தருவதாகக் கருதப்படும் சுர வரிசை. கருநாடக இசையின் நடபைரவியை ஏறத்தாழ ஒத்தது. 2017-இன் கோடையை முழுவதுமாக ஆண்ட 'டெஸ்பசிட்டோ'வும் மைனரில் அமைந்ததே. ஆகவே மகிழ்ச்சி கோடைப் பாடலுக்கு இலக்கணம் ஆகாது. கேட்பவர் தம் விடுமுறை மனநிலையைப் பாடலின் மேல் ஏற்றிக்கொள்கிறார் என்பதே பொருந்தும்.

இரண்டாவது கூற்று, கோடைப் பாடல் கோடையில் பிறந்து கோடையைப் பாடுவது என்பது. தலைப்பிலேயே கோடையைத் தாங்கிய 'தீம் ஃபிரம் எ சம்மர் பிளேஸ்' என்னும் பெர்சி ஃபெய்த்தின் வாத்திய இசை, 1960-இல் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆனால் அது முதலிடத்தை எட்டியது பனிக்காலமான பிப்ரவரியில். மறுபக்கத்தில், கோடைக்கே உரியவை என்று இன்று நினைக்கப்படும் பாடல்கள் பலவும் வேறு பருவங்களில் பிறந்தவை. 2012-இன் கோடையோடு பிரிக்கமுடியாமல் பிணைந்த கார்லி ரே ஜெப்சனின் 'கால் மீ மேபி' கனடாவில் 2011 செப்டம்பரிலேயே வெளிவந்துவிட்டது. 'டெஸ்பசிட்டோ' 2017 ஜனவரியிலும், 2019-இல் பத்தொன்பது வாரம் முதலிடத்தை விடாத லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோடு' 2018 டிசம்பரிலும் வெளியாயின. பின்னதன் பொருள் குதிரையும் கௌபாய் வேடமுமே அன்றிக் கடலோ வெயிலோ அல்ல.

இந்தக் கால இடைவெளி தற்செயலானது அன்று. ஒரு பாடல் வானொலிகளில் படிப்படியாக ஏறி, எல்லா வயதினரின் காதிலும் விழும் நிலையை அடையப் பல மாதங்கள் பிடிக்கின்றன என்பதால், கோடைத் தொடக்கத்தில் உச்சியை எட்ட வேண்டிய பாடல் அதற்கு முன்பே பயணத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். அன்றியும், பில்போர்டு வெளியிடும் கோடைப் பாடல் பட்டியல் மெமோரியல் டே முதல் லேபர் டே வரையிலான வாரங்களின் ஹாட் 100 நிலைகளைக் கூட்டிக் கணிக்கப்படுவதால், பருவம் தொடங்கும்போதே உயரத்தில் நிற்கும் பாடல் எல்லா வாரங்களின் பயனையும் பெறுகிறது. ஆகஸ்டு நடுவில் உச்சிக்கு வரும் பாடலுக்கோ, அது எவ்வளவு விரும்பப்பட்டாலும், இரண்டு மூன்று வாரங்களே எஞ்சுகின்றன. கோடையின் வெயிலைக் காட்டிலும் கணக்கிடும் முறையே இங்கு அதிகம் தீர்மானிக்கிறது.

மூன்றாவது கூற்று மெட்டின் வலிமை பற்றியது. ஐந்தனுள் மிக உறுதியாக நம்பப்படுவதும் இதுவே. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 2006-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட அந்த ஆய்வில், 14,341 பேர் ஓர் இணையதளத்தின் வழியாக, பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களைக் கேட்டு, விரும்பியவற்றைத் தரவிறக்கிக்கொண்டனர். ஒரு பிரிவினருக்குப் பிறர் என்ன செய்தனர் என்பது காட்டப்படவில்லை. ஆகவே அவர்களுடைய தேர்வு பாடலின் தரத்துக்கான அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. மற்றவர்கள் ஒன்றோடொன்று தொடர்பற்ற எட்டு 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டு, தம் உலகத்தில் ஒவ்வொரு பாடலையும் முன்பு எத்தனை பேர் தரவிறக்கினர் என்னும் எண்ணிக்கையையும் கண்டனர்.

எட்டு உலகங்களும் ஒரே பாடல்களோடும் ஒரே மாதிரியான மக்களோடும் தொடங்கியும், வெவ்வேறு பாடல்கள் அவற்றில் வென்றன. தர வரிசையில் 26-ஆம் இடம் பெற்ற '52மெட்ரோ' குழுவின் 'லாக்டவுன்' ஓர் உலகில் முதலிடத்தையும் மற்றோர் உலகில் 40-ஆம் இடத்தையும் பிடித்தது. தொடக்கத்தில் சிலர் தற்செயலாக ஒன்றைத் தேர்ந்தால், அந்த எண்ணிக்கையைக் கண்டு பின்வருவோரும் அதையே கேட்க, சிறு முன்னிலை பெரு முன்னிலையாக வளர்கிறது; இதைக் குவிநலன் என்று கூறலாம். எனினும் இந்த ஆய்வு தரத்துக்கு மதிப்பே இல்லை என்று கூறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: மிகச் சிறந்தவை மிகக் கீழே போவதும் மிக மோசமானவை மிக மேலே வருவதும் அரிதாகவே நிகழ்ந்தன. மெட்டு ஒரு பாடலைப் போட்டிக்குள் நுழைய விடுகிறது. நுழைந்தவற்றுள் எது வெல்லும் என்பதை மெட்டைக்கொண்டு முன்கூட்டிச் சொல்ல இயலாது. பரிச்சயமே விருப்பத்தை வளர்க்கிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸையான்ஸ் 1968-இல் காட்டியதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், பிடித்ததனால் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட பாடல் எது, திரும்பத் திரும்பக் கேட்டதனால் பிடித்துப்போன பாடல் எது என்று பிரிப்பதே கடினமாகிவிடுகிறது.

இவ்வாறு திரும்பத் திரும்பக் கேட்கச் செய்வது யார் என்னும் கேள்வி நான்காவது கூற்றுக்குக் கொண்டுசெல்கிறது. மக்கள் தாமாகத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதற்கு வலுவான எதிர்ச்சான்று பிரான்சில் 1989-இல் கிடைக்கிறது. அவ்வாண்டின் கோடையில் அந்நாட்டிலும், தொடர்ந்து உலகெங்கும் பரவிய கவோமா குழுவின் 'லம்படா', பொலிவியாவின் லோஸ் கார்காஸ் குழு 1981-இல் வெளியிட்ட ஒரு பாடலை அனுமதியின்றித் தழுவியது. பிரெஞ்சுத் தயாரிப்பாளர்கள் அதற்கென ஒரு குழுவையே திரட்டி, போலிப் பெயரில் பாடலைப் பதிவுசெய்து, டிஎஃப்1 தொலைக்காட்சியின் இடைவிடாத ஒளிபரப்போடு அந்தக் கோடைக்கு அளித்தனர். வழக்குத் தொடுத்த பொலிவியக் கலைஞர்கள் பின்னர் இழப்பீடு பெற்றனர். தானாக முளைத்ததாகத் தோன்றிய அந்தக் கோடைப் பாடல் திட்டமிட்டு விதைக்கப்பட்டது.

அமெரிக்காவில் இதே வேலையை வானொலி செய்தது. பணமோ பரிசோ கொடுத்துப் பாடலை ஒலிபரப்பச் செய்யும் வழக்கத்துக்குப் 'பேயோலா' என்று பெயர். 1950-களின் இறுதியில் நாடாளுமன்ற விசாரணைக்கு உள்ளாகித் தடைசெய்யப்பட்ட பின்னும் அது மறையவில்லை. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சரின் விசாரணையை அடுத்து, 2005 ஜூலையில் சோனி பிஎம்ஜி நிறுவனம் ஒரு கோடி டாலர் செலுத்தி உடன்பாட்டுக்கு வந்தது. மற்ற பெருநிறுவனங்களும் பின்தொடர்ந்தன. சட்டத்துக்கு உட்பட்ட உத்திகளும் குறைந்தவை அல்ல. ஜஸ்டின் பீபரின் குரலைச் சேர்த்து 2017 ஏப்ரலில் மறுவடிவம் வெளிவந்ததும், 'டெஸ்பசிட்டோ' 48-ஆம் இடத்திலிருந்து ஒரே வாரத்தில் 9-ஆம் இடத்துக்குத் தாவியது. 'ஓல்ட் டவுன் ரோடு' பாடலுக்குப் புதுப்புது விருந்தினரோடு மறுவடிவங்கள் அடுத்தடுத்து வெளியிடப்பட்டன. அவை அனைத்தின் கேட்பும் ஒரே பாடலின் கணக்கில் சேர்ந்ததால் அதன் ஆட்சி நீண்டது.

இதிலிருந்து நிறுவனங்களே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன என்னும் எதிர்முடிவுக்குத் தாவுவதும் பிழையாகும். இதே பணமும் உத்தியும் செலவிடப்பட்டு எவர் நினைவிலும் நில்லாமல் போன பாடல்களே மிகுதி. எதிர்பாராத வரவுகளும் உண்டு: கேட் புஷ் 1985-இல் வெளியிட்ட 'ரன்னிங் அப் தட் ஹில்', 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் இடம்பெற்றதால் 2022-இன் கோடையில் பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது. ஊக்குவிப்பு வாய்ப்பை உண்டாக்குகிறதே தவிர வெற்றிக்கு உறுதி அளிப்பதில்லை. ஆனால் அந்த வாய்ப்பு இல்லாத பாடலை மக்கள் தேர்ந்தெடுக்கும் சூழலே பெரும்பாலும் எழுவதில்லை.

ஐந்தாவது கூற்று, ஒவ்வொரு கோடைக்கும் ஒன்றே உண்டு என்பது. 2024-ஐ எடுத்துக்கொண்டால், போஸ்ட் மலோனும் மார்கன் வாலனும் பாடிய 'ஐ ஹேட் சம் ஹெல்ப்' ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஷபூஸியின் 'எ பார் சாங்' ஜூலையில் அந்த இடத்தை அடைந்து, கோடை முடிந்த பின்னும் தொடர்ந்து, மொத்தம் பத்தொன்பது வாரங்களை எட்டியது. இதழ்களின் பேச்சிலோ சப்ரினா கார்பென்டரின் 'எஸ்பிரெஸ்ஸோ' முன்னின்றது, ஆனால் அது ஹாட் 100-இல் மூன்றாம் இடத்தைத் தாண்டவே இல்லை. நாட்டுப்புற இசை கேட்பவருக்கு ஒன்று, நகரத்து இளைஞருக்கு மற்றொன்று எனக் கோடையே கூறுபட்டிருந்தது. இந்தப் பிளவை இணையத்தின் விளைவு என்று மட்டும் கருதலாகாது. பலரும் ஒரே குரலில் கோடைப் பாடல் என ஏற்கும் 'மக்கரேனா'வும் நாட்காட்டியோடு ஒத்துப்போவதில்லை: அந்தப் பாடல் ஸ்பெயினில் 1993-இல் வெளிவந்தது, அதன் மறுவடிவம் 1996 ஆகஸ்டு 3 தேதியிட்ட பட்டியலில் முதலிடத்தை எட்டிப் பதினான்கு வாரம் நிலைத்தது, அவற்றுள் லேபர் டேக்கு முன் கழிந்தவை ஐந்து வாரங்களே, மற்ற ஒன்பதும் இலையுதிர்காலத்தில் அமைந்தவை. ஆயினும் அதை இலையுதிர்காலப் பாடல் என்று எவரும் கூறுவதில்லை.

'மக்கரேனா' இவ்வாறு நினைவில் இடம் மாறியதே கோடைப் பாடலின் உண்மையான அமைப்பைக் காட்டிக்கொடுக்கிறது. தரத்தில் ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டிய பல பாடல்களுள், முன்கூட்டியே தொடங்கிய ஊக்குவிப்பும், முதலில் கேட்டவர்களின் தற்செயலான தேர்வும், கணக்கிடும் முறையின் எல்லைக்கோடுகளும் ஒன்றிரண்டை உயர்த்துகின்றன. பள்ளி விடுமுறையும் பயணமும் திறந்தவெளிக் கூட்டங்களும், தாம் தேர்ந்தெடுக்காத இசையையும் பலர் ஒன்றாகக் கேட்கும் வாய்ப்பைப் பெருக்குகின்றன. கோடை என்னும் பருவத்துக்கு இதில் உள்ள மெய்யான பங்கு இதுவே. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளின் நிகழ்வுகளே பிற்காலத்தில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்று உளவியலார் கண்டிருப்பதால், அந்த வயதில் விடுமுறையின்போது கேட்ட பாடலோடு அந்த விடுமுறையே ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே, மே மாதத்தில் வெளியாகும் பாடல்களின் வேகத்தையும் சொற்களையும் மெட்டையும் ஆராய்ந்து இவ்வாண்டின் கோடைப் பாடலை முன்னறிவிக்கும் முயற்சி, விடை இல்லாத இடத்தில் விடை தேடுவதாகும். எது அதிகம் விற்றது, எது அதிகம் ஒலிபரப்பப்பட்டது என்பதைச் செப்டம்பரில் எண்ணிச் சொல்லிவிடலாம். அதற்குப் பின்னால் எவருடைய பணமும் எந்தத் தற்செயலும் நின்றன என்பதையும் ஓரளவு ஆராய்ந்து சொல்லலாம். ஆனால் எது அந்தக் கோடையை வரையறுத்தது என்பது, அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை திரும்பிப் பார்க்கும்போது மட்டுமே முடிவாகும் செய்தி. அதை எந்தப் பட்டியலும் உரிய காலத்துக்கு முன் அறிவிக்க இயலாது.