தாழிக்குள் உமி, குகைக்குள் ஒருவர்



தமிழ்நாட்டின் சிவகளையில் முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தாலும் அறிவித்தது, நமக்கு வரும் கடிதமெல்லாம் அந்தத் தாழிகளைப் பற்றித்தான். இங்கே சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீன் வாங்க நின்றால்கூட விடுவதில்லை: “தாழியில இருந்தவங்க நம்ம ஆளுங்கதானே சார்?”

ஆமாம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் எலும்பு அவ்வளவு லேசில் வம்சாவளி சொல்லாது. வெயிலும் ஈரமும் மரபணுவைச் சிதைத்துவிடுகின்றன. ஹரியானாவின் ராக்கிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தும், ஒரே ஒரு பெண்ணின் மரபணுவைத்தான் 2019இல் வெளியிட முடிந்தது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையின் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளுக்கு லிவர்பூலில் முகம் கொடுத்தார்களே, அதில் முகவெட்டு எலும்பு சொன்னது. நிறம் இன்றைய தமிழ்நாட்டு முகங்களைப் பார்த்துப் பூசியது.

எனக்கென்னவோ, கூட என்ன வைத்துப் புதைத்தார்கள் என்பதே பெரிய சேதி. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரின் பழைய இடுகாட்டுப் பரம்பை 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொன் நெற்றிப்பட்டம், வெண்கலச் சாமான், இரும்பு ஆயுதம் என்று எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நிறைய வந்து சேர்ந்தன. பொன்னைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். பானைகளில் நெல் உமியும் இருந்தது. மண்டாய் தகனக்கூடத்துக்குக் கொண்டுபோகுமுன் வாய்க்கரிசி போடுகிற நமக்கு அந்த உமி அந்நியமாகத் தெரியவில்லை. இரண்டும் ஒரே வழக்கம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இன்னொருவர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். மலேசியாவின் பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில், ஒரு குகையில் புதைக்கப்பட்டிருந்த ‘பேராக் மனிதர்’. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவர். நமக்கும் அவருக்கும் உறவு கொண்டாட முடியாது. அவருடைய இடது கை பிறவியிலேயே சூம்பியது. வேட்டையாடிப் பிழைத்த அந்தக் காலத்தில் அவர் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். கூட்டம் கைவிட்டிருந்தால் அந்த வயது வந்திருக்குமா? செத்த பிறகும் காலை மடக்கிப் படுக்கவைத்து, இறைச்சியும் சிப்பிகளும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூன் விடுமுறையில் ஈப்போ பக்கம் போகிறவர்கள் கோலகங்சாரைத் தாண்டி லெங்கோங் வரை வண்டியை விடுங்கள். 2012 முதல் அது யுனெஸ்கோ மரபுடைமைத் தலம். அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்