'தி'யும் தாய்மொழியும்

ஆங்கிலக் கட்டுரை ஏடுகளைத் திருத்தும் ஆசிரியர் அனைவரும் அறிந்த பிழை ஒன்றுண்டு. 'தி' வரவேண்டிய இடத்தில் அச்சொல் இராது. வேண்டாத இடத்தில் வந்து நிற்கும். தமிழிலும் மலாயிலும் இதற்கு நிகரான தனிச்சொல் இல்லை. ஆதலின் இப்பிழை இயல்பே. ஆயினும், "தமிழ்ப்பள்ளியில் பயின்றதால்தான் பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லை" என்று பெற்றோர் சிலர் முடிவு கட்டுவதை நாம் ஏற்பதற்கில்லை. 'தி'யைக் கற்பிக்கத் தமிழே தக்க ஏணி என்பது நம் கருத்து.

பாட்டி சொல்லும் கதையை நோக்குக. "ஓர் ஊரில் ஒரு ராசா இருந்தான், அந்த ராசாவுக்கு மூன்று பிள்ளைகள்." முதலில் 'ஒரு'; கேட்போர் அறிந்தபின் 'அந்த'. ஆங்கிலக் கதையில் 'எ'யும் 'தி'யும் இம்முறையிலேயே வருகின்றன. மேலும், "நாற்காலி கொண்டு வா" என்றால் ஏதேனும் ஒன்று. "நாற்காலியைக் கொண்டு வா" என்றால் இருவரும் அறிந்த ஒன்று. இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' இங்கே 'தி'யின் பணியைச் செய்கிறது. "எதைச் சொல்கிறோம் என்பது கேட்பவருக்குத் தெரியுமா?" என்று தமிழில் தன்னையே வினவப் பழகிய மாணவன் பாதி வழி கடந்தவனாவான்.

மீதி வழிக்குப் பயிற்சி வேண்டும். பேராக் மாநிலத்தின் பெயர்முன் 'தி' வாராது. பேராக் ஆற்றின் பெயர்முன் வரும். ஈப்போவுக்கு இல்லை, கிந்தா ஆற்றுக்கு உண்டு. கதிரவன் நமக்கு ஒன்றே; ஆதலின் 'தி சன்'. பிள்ளை படிக்கச் செல்வது 'டு ஸ்கூல்'. தந்தை தலைமையாசிரியரைக் காணச் செல்வது 'டு தி ஸ்கூல்'. முன்னது கல்வியைக் கருதியது. பின்னது இடத்தைக் கருதியது.

ஆங்கில வகுப்பில் ஆங்கிலமே ஒலிக்க வேண்டும் என்பார் கூற்றிலும் உண்மை உண்டு. பேச்சுப் பயிற்சிக்கு அது பொருந்தும். ஆனால், விளங்காத விதியை விளங்காத மொழியிலேயே விளக்குவதால் பயன் யாது? சிவப்பு மை பிழையைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அத்தேர்வின் நெருக்கடி நீங்கிய இக்காலத்தில், மனனத்தை விடுத்துப் பொருளுணர்த்திக் கற்பிக்க நமக்கு வாய்ப்புண்டு.

பெற்றோர்களே! ரப்பர் மரங்கள் அகன்று செம்பனை நிற்கும் தோட்டத்திலாயினும், ஈப்போ நகரிலாயினும், ஆங்கிலம் அறியோம் என்று நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. இரவில் ஒரு கதை சொல்லுங்கள். மறுநாள் அந்தக் கதையைப் பிள்ளையே திருப்பிச் சொல்லட்டும். தமிழில் தெளிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் எட்டாக்கனியன்று.