காந்தத்தில் ஒட்டாத சதம்

அச்சுப் பிசகிய நாணயமொன்று கையிற் கிடைத்துவிட்டாற் பெருஞ்செல்வம் வந்தெய்தியதாக எண்ணுவோர் நம்மிடையே பலர். நாணயம் சேர்க்கும் மாணவரிடத்தில் இவ்வெண்ணம் இன்னும் மிகுதி. பிழைபட்ட நாணயத்துக்கு விலையுண்டென்பது மெய்யே. ஆயினும், அப்பிழை நாணயச்சாலையில் நேர்ந்ததா, பின்னர் எவனோ ஒருவன் பட்டறையிற் செய்ததா என்பதைத் தெளிந்த பின்னரே விலை பேசுதல் தகும். இதனை விளக்குதற்கு அமெரிக்காவின் 1943 ஆம் ஆண்டுச் சதத்தினும் சிறந்த சான்று வேறில்லை.

அது இரண்டாம் உலக மகாயுத்த காலம். செம்பு யுத்தத் தேவைக்கு வேண்டப்பட்டமையால், அவ்வாண்டில் நூறு கோடிக்கு மேற்பட்ட சதங்கள் நாகம் பூசிய உருக்கிலே அடிக்கப்பட்டன. முந்திய ஆண்டின் செப்புக்கலவை வில்லைகள் சில, தொட்டிகளின் இடுக்குகளிலே தங்கிக் கிடந்து, பின்பு உருக்கு வில்லைகளோடு கலந்து அச்சுக்குட் புகுந்தன என்பது ஆராய்ந்தோர் கருத்து.

1947 இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து மாணவன் ஒருவனுக்குப் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் மிச்சக் காசாக அத்தகைய சதமொன்று கிடைத்தது. திறைசேரிக்கு எழுதிக் கேட்டான். அவ்வாண்டுச் சதம் யாவும் உருக்கே என மறுமொழி வந்தது. செப்புச் சதம் கொண்டு வருவோர்க்கு ஹென்றி ஃபோர்ட் மோட்டார் வண்டி கொடுப்பார் என்றொரு வதந்தியும் அந்நாளில் உலவியது. அதுவும் வெறும் புரளியே. அவர் அக்காசை முதுமை வரை பேணி வைத்திருந்தார். 2019 இல் அது 204,000 டொலருக்கு ஏலம் போயிற்று.

இவ்வளவு விலைபோகும் பொருளுக்குப் போலி தோன்றாதிருக்குமா? உருக்குச் சதத்துக்குச் செப்பு முலாம் பூசிவிடுதல் மிக எளிய மோசடி. காந்தமொன்றை அருகே பிடித்தால் ஒட்டிக்கொண்டு தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும். தராசும் அதனையே சொல்லும்: உருக்குச் சதம் ஏறக்குறைய 2.7 கிராம், செப்புச் சதம் 3.11 கிராம்.

காந்தத்தையும் தராசையும் ஏமாற்றும் போலி ஒன்றுண்டு. 1948 ஆம் ஆண்டுச் சதத்தில் 8 என்னும் இலக்கத்தின் இடப்பாதியைச் செதுக்கி 3 ஆக்கிவிடுவர். உலோகமும் உண்மை, நிறையும் உண்மை, ஆண்டு மட்டுமே பொய்! இங்கே உருப்பெருக்கிக் கண்ணாடிதான் துணை. மெய்யான 1943 இல் 3 இன் வால் ஏனைய இலக்கங்களின் அடிக்கோட்டுக்கும் கீழே இறங்கி நிற்கும். செதுக்கிய 8 இல் அவ்வால் இராது. மேலும், வன்மையான உருக்குக்கென மிகுந்த அழுத்தத்தோடு இயங்கிய பொறியில் மென்மையான செப்பு அகப்பட்டமையால், மெய்க்காசிலே உருவும் எழுத்தும் வழக்கத்தினும் கூர்மையாகப் பதிந்திருக்கும். இவை யாவும் பொருந்தினும், மெய்யென்று அறியப்பட்ட காசோடு நிபுணர் ஒப்புநோக்கிய பின்னரே முடிவு கூறுதல் முறை.

வீட்டுத் தகரப்பேணியிற் கிடக்கும் காசுக்கும் இதே விசாரணைதான். 'இப்பிழையைப் பொறி எவ்வாறு செய்திருக்கும்?' என்று முதலிற் கேளுங்கள். ஒரு காசின்மேல் வேறொன்றை வைத்துக் குறட்டிலிட்டு நெரித்தால், இடம் வலம் மாறிய உருவொன்று குழிந்து பதியும். அதனை அரிய பிழையென விற்பவர் உளர். மறுபுறத்தைத் திருப்பிப் பாருங்கள். நசுங்கித் தட்டையாயிருப்பின் அது நெரித்ததன் வடுவே.

பார்க்குமுன் காசைப் புளியிட்டு மினுக்கிவிடாதீர்கள். மேற்பரப்பு தேய்ந்தபின் நிபுணருக்கும் சொல்வதற்கு அதிகம் இராது. மெய்க்காசாயினும் விலை பாதியாகக் குறையக்கூடும்.