இரண்டு கிராபிக்ஸ் கார்டு யாருக்கு லாபம்? கொடைக்கானல் சூரியனைக் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு சபலம் வரும். மதர்போர்டில்தான் இரண்டு ஸ்லாட் இருக்கிறதே, செகண்ட் ஹேண்டில் இன்னொரு கார்டை வாங்கிச் செருகினால் வேகம் இரட்டிப்பாகாதா? கேம் ஆடத்தான் இந்த ஆசை என்றால் பதில் சுலபம்: வேண்டாம், காசுக்குக் கேடு. ஆனால் அதே இரண்டு கார்டுக்கு ஏற்ற வேலை ஒன்று பழனி மலை மேலே கிடக்கிறது. அதற்கு முன் கேம் கதையைப் பார்த்துவிடலாம்.

1998-ல் த்ரீடிஎஃப்எக்ஸ் கம்பெனி தன் வூடூ 2 கார்டுகள் இரண்டைச் சேர்த்து ஓட்டிக் காட்டியது. திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒரு கார்டு வரையும், இரட்டைப்படை வரிகளை மற்றது வரையும். பெயர் எஸ்.எல்.ஐ. கம்பெனி நொடித்துப் போக, அதன் சரக்கை என்விடியா வாங்கிக்கொண்டது. 2004-ல் அதே மூன்று எழுத்து திரும்பி வந்தது (விரிவாக்கம் மட்டும் வேறு!). அடுத்த வருடமே ஏ.டி.ஐ. தன் பங்குக்குக் கிராஸ்ஃபயரைக் கொண்டுவந்தது.

இந்த முறை பெரும்பாலும் ஒரு ஃபிரேம் ஒரு கார்டுக்கு, அடுத்த ஃபிரேம் மற்றதற்கு. பெஞ்ச்மார்க் எண்கள் பிரமாதமாக இருந்தன. ஆனால் ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் வராததால், நொடிக்கு 60 என்று காட்டினாலும் கண்ணுக்குத் தடுக்கும். மெமரியும் கூடவில்லை. ஒரே டெக்ஸ்சர்களை இரண்டு கார்டிலும் வைத்தாக வேண்டும் என்பதால் எட்டும் எட்டும் எட்டு ஜிபிதான் :-) பிறகு வந்த கேம்கள் புது ஃபிரேமை வரைய முந்தைய ஃபிரேமின் விவரங்களையும் கேட்க ஆரம்பித்தன. அதுவோ பக்கத்துக் கார்டில் இருக்கிறது! 2021 ஜனவரியோடு புதிய எஸ்.எல்.ஐ. புரொஃபைல்கள் சேர்ப்பதை என்விடியா நிறுத்தியது. 2022-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090-ல் இரண்டு கார்டை இணைக்கும் பாலத்தை மாட்டவே இடமில்லை.

ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கும் வேலையை இரண்டாக வெட்டினால் இப்படித்தான் ஆகும்.

இப்போது கொடைக்கானல். 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம், கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை 1909-ல் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். சுற்றுலா போகிறவர்கள் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கே உள்ள பெரிய சொத்து போட்டோ தட்டுகள். 1904-லிருந்து, மேகம் மறைக்காத நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். இத்தனை நீண்ட தொடர் உலகத்தில் சில இடங்களில்தான் உண்டு. அந்தத் தட்டுகளை ஸ்கேன் செய்து, இந்திய வான் இயற்பியல் நிறுவனம் பொதுப் பார்வைக்கும் வைத்திருக்கிறது.

ஒரு படம் 4096-க்கு 4096 புள்ளிகள், புள்ளிக்கு 16 பிட். அதாவது சுமார் 32 எம்பி. ஒவ்வொன்றிலும் வட்டத்தின் மையத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், வடக்கு மேலே வரும்படி திருப்ப வேண்டும், விளிம்பில் வெளிச்சம் மங்குவதைச் சரிசெய்ய வேண்டும், தட்டில் விழுந்த கீறலையும் தூசியையும் சூரியப் புள்ளி என்று எண்ணிவிடாமல் பிரிக்க வேண்டும். கவனியுங்கள், 1925-ல் எடுத்த ஒரு தட்டைச் சரிசெய்ய 1960-ன் தட்டு தேவையே இல்லை. முதல் ஐம்பது வருடத்தை ஒரு கார்டுக்கும் மீதியை இன்னொன்றுக்கும் கொடுத்துவிடலாம். பாலமும் வேண்டாம், இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டியதும் இல்லை. ஒரே புள்ளியை நாள்தோறும் பின்தொடர்வதற்கு வரிசை வேண்டும்தான். ஆனால் அதற்குள் படம் சுருங்கி ஒரு சின்ன அட்டவணை ஆகியிருக்கும். அதற்குச் சாதாரண பிராசஸரே போதும்.

அனிமேஷன் ரெண்டரிங்கும் இதே ஜாதி. பிளெண்டர் போன்ற மென்பொருள்கள் இருக்கிற கார்டையெல்லாம் எஸ்.எல்.ஐ. இல்லாமலே வேலை வாங்கும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. தோசைக்கல் இரண்டு போட்டாலும் மாவு வந்து சேர வேண்டுமே? சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு மூன்று படம்தான் உள்ளே வரும். மேலே சொன்ன திருத்தங்களை ஒரு நல்ல கார்டு அதைவிட வேகமாக முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டாவது கார்டு அதற்குத் துணையாகச் சும்மா உட்காரும்! அப்போது வாங்க வேண்டியது ஒரு எஸ்.எஸ்.டி. புள்ளிகளைத் தானாக அடையாளம் காண நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கும்போதுதான் நிலைமை மாறும். அங்கே ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கணக்கு ஏராளம். படங்களை இரண்டு கார்டும் பங்கிட்டுக்கொண்டு, அடிக்கு அடி தங்கள் திருத்தங்களை ஒப்பிட்டுச் சராசரி எடுத்துக்கொள்ளும். இதில் கொஞ்சம் நேரம் வீணாகும், சரியாக இரண்டு மடங்கு கிடைக்காது. இருந்தாலும் போட்ட காசுக்கு நியாயம்.

கரண்ட் கணக்கையும் போட்டுவிடலாம். ஆர்.டி.எக்ஸ். 3090 ஒன்று முழு வேகத்தில் 350 வாட் இழுக்கும். இரண்டும் தினம் பத்து மணி நேரம் ஓடினால் கார்டுகளுக்கு மட்டும் 7 யூனிட், இரண்டு மாதத்துக்கு 420 யூனிட். வீட்டில் பில் கட்டுபவர் யார் என்பதைப் பொறுத்து முடிவு மாறலாம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடி, வெளிநாட்டுப் பூனை நாய்ப் படங்களையே பிரித்துக்கொண்டிருப்பவர்கள் இந்தத் தட்டுகளை ஒருமுறை இறக்கிப் பார்க்கலாம். ஒரு வருடத்துப் படங்களை மட்டும் எடுத்தால், கையில் உள்ள ஒற்றைக் கார்டிலேயே ஆரம்பிக்கலாம். அது திணறுவதை நேரில் பார்த்த பிறகு இரண்டாவதற்கு விலை விசாரிக்கலாம்.