மூக்கு சொன்னா போதுமா?

2023 மார்ச் 2 ராத்திரி நாகூர் பட்டினச்சேரியில சி.பி.சி.எல். குழாய் கசிஞ்சு கச்சா எண்ணெய் கடல்ல கலந்தது ஞாபகம் இருக்கா? அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் நம்ம காரைக்கால். கடலுக்கு ஏது எல்லை? அப்புறம் "மீன் வாங்கலாமா?"ங்கற கேள்வி வரத்தானே செய்யும். இதுக்கு பதில் சொல்ல மூக்கு பத்தாது மக்களே.

கச்சா எண்ணெயில துளியூண்டு பென்சோ-ஏ-பைரீன் இருக்கும். விறகுப் புகையிலயும் உண்டு. புற்றுநோய் தரும்னு உறுதியான சரக்கு. புகையூட்டின மீன்ல கிலோவுக்கு 2 மைக்ரோகிராம்தான் ஐரோப்பிய வரம்பு.

இத்துனூண்டை எப்படி அளக்குறது? அதே பொருள்ல 12 ஹைட்ரஜனையும் டியூட்டீரியமா மாத்தினா மூலக்கூறு எடை 252, 264 ஆகிடும். அதை அளந்து மாதிரியில முதல்லயே கலந்துடுவாங்க. சோதனை நடுவுல இது எவ்வளவு தொலையுதோ, கிட்டத்தட்ட அதே விகிதத்துல அதுவும் தொலையும். கடைசியில கணக்கை நேர் பண்ணிக்கலாம். இதுல கதிரியக்கம் கிடையாது. அதுக்காக சாதுன்னு நினைக்காதீங்க, இதுவும் அதே விஷம்தான்! கையுறை கட்டாயம்.

என் கட்சி இதுதான்: கசிவு நடந்தா மீனை மட்டும் சோதிச்சா பத்தாது. மீன் இதை ஈரல்ல ஓரளவு உடைச்சுத் தள்ளிடும். மட்டிக்கு அந்த சாமர்த்தியம் கம்மி. ரெண்டையும் சோதிச்சு, வந்த எண்ணை ரெண்டு அரசும் ஏலக்கூடத்துல தமிழ்ல ஒட்டணும். எண் இல்லாத "பயப்படாதீங்க"வும் புரளிதான். அதுல நஷ்டப்படுறது மீனவர்தானே?