நண்பன் வீடு லாட்ஜ் இல்லீங்க மக்களே!

லாங் வீக்கெண்ட் வந்தா போதும், நம்மாளுங்க குடும்பத்தோட சான் டியேகோ கிளம்பிடுறாங்க. நல்ல வெயில், பக்கத்துலயே கடல், முக்கியமா அங்க ஒரு நண்பன் இருக்கான். லாட்ஜ், டிரைவர், கைடு எல்லாம் அவன்தான். அவனோட தங்கமணி மூணு நாளா அடுப்படியை விட்டு வெளிய வரலை. அது யார் கண்ணுலயும் படாது.

இதுல ஸீவேர்ல்டு வேற. வர்றவங்களுக்குத் துணையா அவனும் ஆறாவது தடவை பார்க்கணும். ஏங்க, கடல் சிங்கம் பார்க்க டிக்கெட் எதுக்கு? லா ஹோயா பாறை மேல அதுங்க பாட்டுக்குப் படுத்திருக்கு (நாத்தம்தான் தாங்காது). பக்கத்துல குழந்தைங்க குளிக்கன்னு 1930களோட தொடக்கத்துல சுவர் கட்டின சில்ட்ரன்ஸ் பூல். இப்போ அங்க குடித்தனம் பண்றது சீல்கள்! பால்போவா பூங்காவுல 1915 கண்காட்சிக்காக வச்ச பெரிய ஆர்கன்ல ஞாயிறு மதியம் கச்சேரி, அதுவும் இலவசம்.

நண்பனைப் பார்க்கத்தானே போறீங்க? ஒரு நாள் சமையலை நீங்க பாருங்க, அவங்க ரெண்டு பேரையும் பீச்சுக்கு அனுப்புங்க. முடியாதா? ஓட்டல்ல ரூம் போடுங்க.

டிஸ்கி: போன மாசம் எங்க வீட்டுக்கு வந்தவங்களைச் சொல்லலை. நம்புங்க.