கரை தாண்டிய நாடா

அண்ணா பிறந்த காஞ்சியில், பிள்ளையார்பாளையத்துத் தறியருகே ஒரு நாழிகை நின்று பாருங்கள்! கோர்வைச் சேலைக்கு உடலில் ஓட ஒரு நாடா, கரையில் ஓட வேறு நாடா. உடல்நாடா கரைக்குள் நுழைவதில்லை; கரைநாடா உடலில் ஓடுவதில்லை. எல்லையில் இரண்டும் கைகோர்க்கின்றன. அதனால்தான் அது சேலை!

அரசியல் சட்டம் நெய்தவர்களும் அப்படித்தான் நெய்தார்கள். மத்திய அரசுக்கு 97 இனங்கள், மாநிலத்துக்கு 66, இருவருக்கும் பொதுவாக 47. நாடாளுமன்றம் நினைத்ததெல்லாம் சட்டமாகும் என்பது லண்டன் வழக்கு. டில்லிக்கு அது பொருந்தாது. இங்கே நாடாளுமன்றம் அரசியல் சட்டம் பெற்ற பிள்ளை!

பிள்ளை தாயை மீறியது 1976இல். அவ்வாண்டு ஜனவரி 31இல் கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்டது. தலைவர்கள் பலர் சிறையில். தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொண்ட மக்களவை, 42ஆவது திருத்தத்தை நிறைவேற்றிற்று. கல்வியும் காடும் உள்ளிட்ட ஐந்து இனங்கள் பொதுப்பட்டியலுக்குப் போயின. பட்டியலை மாற்றப் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் இசைய வேண்டும் என்பது விதி. கணக்கு சரியாயிற்று, தமிழ்நாட்டைக் கேட்கவோ, தமிழ்நாட்டுக்கு மன்றமே இல்லை!

அரசியல் சட்டத்தின் அடிப்படையை அழிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று, 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில், 13 நீதிபதிகள் அமர்ந்து 7க்கு 6 எனத் தீர்ப்பளித்திருந்தார்கள். 'திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பே இல்லை' என்று அதே 42ஆவது திருத்தத்தில் எழுதிக்கொண்டது டில்லி! 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசகத்தை வீழ்த்திற்று. ஆணவம் வீழ்ந்தது, பறிபோன கல்வியோ திரும்பவில்லை.

விளைவு என்ன? பொதுப்பட்டியலில் இரு சட்டங்கள் மோதினால் மத்திய சட்டமே வெல்லும். குடியரசுத் தலைவர் ஒப்பினால்தான் நம் சட்டம் நிற்கும். நீட் விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பியனுப்பினார், 2022இல் மீண்டும் நிறைவேற்றியது. ஒப்புதல் கிடைக்கவில்லை. தறிக்குழியில் கால் தேயும் நெசவாளியின் மகள் மருத்துவராக எந்தத் தேர்வு வேண்டும் என்று முடிவு செய்ய, அந்த நெசவாளி வாக்களித்த மன்றத்துக்கு உரிமை இல்லையாம்!

படையும் நாணயமும் ரயிலும் டில்லியிடமே இருக்கட்டும். அவை உடல்நாடாவின் வேலை. பள்ளியும் கல்லூரியும் எங்கள் கரை. திருத்தத்தால் எடுத்ததைத் திருத்தத்தாலேயே திருப்பித் தாருங்கள்! கரையை விழுங்கி உடல் பெருத்ததாக எந்தத் தறியிலும் கதையில்லை. கோர்வை விட்டால் சேலைதான் கிழியும்.